வாழையிலை எங்கே போகிறது?

வெள்ளவத்தையில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மரக்கறிச் சோத்துப் பார்சல் வாங்கினால், சாப்பிட முதல் அதை ஒருக்கா ஆறுதலாக அவிழ்த்துப் பாருங்கள். வெளியே ஒரு பை. அதற்குள் பேப்பர். அதற்குள் லன்ச் சீட். சில கடைகளில் அதற்கும் மேலே ஒரு துண்டு வாழையிலை. அதன் மேல்தான் சோறு, பருப்பு, கத்தரிக்காய், வல்லாரைச் சம்பல், அப்பளம். ரசமும் பாயாசமும் தனித்தனியாகச் சின்னப் பைகளில், வாயை இறுக்கிக் கட்டி. சாப்பிட்டு முடிக்கப் பதினைந்து நிமிஷம்கூட ஆகாது.

இந்த அடுக்கில் நல்ல பிள்ளை யார் என்று கேட்டால் எல்லாரும் வாழையிலையைத்தான் காட்டுவோம். நானும் அப்படித்தான். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் நான் செய்கிற வேலையைக் கேளுங்கள். இலையை லன்ச் சீட்டோடு சேர்த்துச் சுருட்டி, ரசம் வந்த பையையும் அதற்குள் திணித்து, எல்லாவற்றையும் வந்த பைக்குள்ளேயே போட்டு முடிச்சுப் போடுகிறேன். பிறகு எங்கட தொடர்மாடியின் கீழே இருக்கிற பெரிய வாளிக்குள் எறிகிறேன். அந்த முடிச்சு விழுந்த நிமிஷமே இலைக்கும் பொலித்தீனுக்கும் இருந்த வித்தியாசம் முடிந்துபோகிறது.

எதிர்காலம் பற்றிக் கதைக்கும்போது இந்த முடிச்சைப் பற்றி நாங்கள் கதைப்பதே இல்லை.

பெற்றோலியத்தை விட்டு, தாவரங்களிலிருந்து வரும் பொருட்களால் ஒரு உலகத்தைக் கட்டுவோம் என்பது இப்போது எங்கட தலைமுறையின் பெரிய கனவுகளில் ஒன்று. சோளத்திலிருந்து கோப்பை, கரும்புச் சக்கையிலிருந்து தட்டு, தும்பிலிருந்து மெத்தை, கழிவிலிருந்து எரிவாயு. எனக்கும் இந்தக் கனவு பிடிக்கும். நிலத்துக்கடியிலிருந்து எடுக்கிற எண்ணெய் ஒரு நாள் முடியும். மரம் திரும்ப வளரும். அதிலே எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரு பொருள் எதிலிருந்து வருகிறது என்று மட்டும் கேட்டால் அது பாதிக் கேள்விதான். பாவித்து முடிந்த பிறகு அது எங்கே போகிறது என்பது மற்றப் பாதி. கொழும்பில் நாங்கள் தோற்றுக்கொண்டிருப்பது இந்த இரண்டாவது பாதியில்.

வாழையிலையைக் காற்றோட்டமான மண்ணில் போட்டால் சில கிழமைகளில் உக்கி மண்ணோடு மண்ணாகும். அதையே காற்றுப் புகாத குப்பை மலைக்குள் புதைத்தால் வேறு வகைக் கிருமிகள் அதைத் தின்று மீதேன் வாயுவாக்கும். நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், ஒரு தொன் மீதேன் ஒரு தொன் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். அதோடு சோறும் கறியும் இலையும் ஊறி வடிகிற கறுப்புத் தண்ணீர் நிலத்தடி நீரில் கலக்கும். சோள மாவிலிருந்து செய்கிற பிளாஸ்டிக்குக்கும் இதே கதைதான். அது ஒழுங்காக உக்குவதற்குச் சுமார் 60 பாகை வெப்பமுள்ள பெரிய கூட்டெரு ஆலை வேண்டும். அது இல்லாமல் வெள்ளவத்தைக் கால்வாயில் விழுந்தால் மற்றப் பிளாஸ்டிக் மாதிரியே மிதந்து கடலுக்குப் போகும். ஒரு பொருள் உக்குமா இல்லையா என்பதில் அது போய்ச்சேருகிற இடத்துக்கும் பங்கு இருக்கு.

கொழும்பின் குப்பை போய்ச்சேர்ந்த இடங்களைப் பார்ப்போம்.

ஒரு காலத்தில் அது கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில், புளூமெண்டாலில் மலையாகக் குவிந்தது. 2009 இல் அங்கே கொட்டுவது நிறுத்தப்பட்ட பிறகு, கொலன்னாவப் பக்கம் மீதொட்டமுல்லவுக்குப் போனது. கொட்டாஞ்சேனையில் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்களுக்கு அது நிம்மதி. மீதொட்டமுல்லக்காரருக்கு அன்றைக்குத்தான் தொடக்கம். அவர்கள் வருஷக்கணக்காக முறையிட்டார்கள், வீதியில் இறங்கினார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று பின்னேரம் அந்த மலை சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 32 பேர் செத்துப்போனார்கள். நகரம் முழுக்கப் பலகாரம் பரிமாறிக்கொண்டிருந்த நேரம் அது.

கொழும்புக் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவு: சோறு, மரக்கறித் தோல், பழம், இலை. எல்லாம் உக்கக்கூடியவை. அந்த மலையின் பெரும்பகுதி "இயற்கைப் பொருள்" தான் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அதன் பிறகு இரண்டு வழி தேடினார்கள். ஒன்று புத்தளம், அருவக்காலு. சீமெந்துக்குக் கல் அகழ்ந்த பழைய குழிகளில் கொழும்புக் குப்பையைக் கொண்டுபோய்ப் புதைப்பது. "கொழும்பு தின்றதுக்கு நாங்கள் ஏன் மணக்க வேண்டும்?" என்று புத்தளம் சனம் 2018 இல் மாதக்கணக்கில் போராட்டம் நடத்தியது. 1990 இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களில் நிறையப் பேர் குடியேறிய மாவட்டம் அது. ஏற்கெனவே ஒரு பாரத்தைச் சுமந்த ஊருக்கு இன்னொன்று. மற்றது கெரவலப்பிட்டி. அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் 10 மெகாவாட் நிலையம் 2021 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. மலை சரிவதைவிட எரிப்பது மேல், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எரிக்கிறதிலே பாதிக்கு மேல் ஈரச்சோறும் தேங்காய்ப்பூச் சக்கையும். தண்ணீரை எரிக்கப் பார்ப்பது மாதிரி. மண்ணுக்குத் திரும்ப வேண்டிய சத்தும் அந்த நெருப்போடு போய்விடுகிறது.

இப்போது அதே 2021 ஐத் தொடர்ந்து பாருங்கள். எங்கட நாட்டின் வரலாற்றிலே இதைவிட விசித்திரமான வருஷம் இருக்குமோ தெரியாது.

பெப்ரவரியில் கொழும்பின் சேதனக் கழிவை எரிக்கத் தொடங்கினோம். மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் தடை செய்தோம். முழு நாடும் சேதன விவசாயத்துக்கு மாற வேண்டுமாம். அதே மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்து, சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளை ஏற்றியபடி எரிந்து மூழ்கியது. மேற்குக் கரை முழுக்க அந்த வெள்ளை மணிகள் ஒதுங்கின. பிறகு, சேதனப் பசளை போதாது என்று சீனாவிலிருந்து 20,000 தொன் கப்பலில் வந்தது. அதில் தீங்கான பக்டீரியா இருக்கு என்று சொல்லி அந்தக் கப்பலை இறக்க விடவில்லை. கடைசியில் இறக்காத அந்தப் பசளைக்கு நாடு 67 இலட்சம் டொலர் கட்டியது. நவம்பரில் தடையைத் திரும்ப எடுத்தார்கள். அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. கிளிநொச்சியிலும் பொலன்னறுவையிலும் பசளை இல்லாமல் விதைத்தவர்களின் நட்டத்தை யாரும் திரும்ப எடுக்கவில்லை.

ஒரு பக்கம் பசளையாகக்கூடியதை எரிக்கிறோம். மறுபக்கம் பசளையைக் கப்பலில் வாங்குகிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு லொறிப் பயணத் தூரம்தான்.

இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். கொழும்புக் கழிவு முழுவதையும் கூட்டெருவாக்கியிருந்தாலும் நாட்டின் வயல்களுக்குப் போதாது. கூட்டெருவில் தழைச்சத்து கொஞ்சம்தான். யூரியா ஒரு மூட்டை செய்கிற வேலையைச் செய்ய நிறைய மூட்டை வேண்டும். அதனால் "குப்பையைப் பசளையாக்கினால் எல்லாம் சரி" என்று சொல்ல நான் வரவில்லை. 2021 சொல்லித்தந்த பாடம் எனக்கு வேறு மாதிரி விளங்குது. சேதனப் பசளை என்ற எண்ணத்தில் பிழை இல்லை. அதை உண்டாக்குகிற பாதையைப் போடாமல், பழக அவகாசம் கொடாமல், ஒரே இரவில் விவசாயியின் தலையில் வைத்ததுதான் பிழை. அந்த அவசரத்தால் "பசுமை" என்ற சொல்லைக் கேட்டாலே சிரிக்கிற ஒரு நாடாகிவிட்டோம். இனி யாராவது நல்ல திட்டம் கொண்டுவந்தாலும் சனம் முதலில் பயப்படும்.

லன்ச் சீட்டிலும் இதே நோய்தான். மீதொட்டமுல்ல சரிந்து ஐந்து மாதம் கழித்து, 2017 செப்டெம்பர் 1 இலிருந்து பொலித்தீன் லன்ச் சீட்டும் ரெஜிபோம் பெட்டியும் தடை. உக்கக்கூடியது என்று சொல்லிப் புதுச் சீட் வந்தது. 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கோப்பை, கரண்டி, இடியப்பத் தட்டுகூடத் தடை. 2025 நவம்பரிலிருந்து கடைகளில் பையை இலவசமாகக் கொடுக்கக்கூடாது. இவை எல்லாம் தேவைதான். பிரம்பில் பின்னிய இடியப்பத் தட்டு திரும்ப வந்தால் எனக்குச் சந்தோசம். ஆனால் ஒவ்வொரு தடையும் "எதில் சுற்றுவது" என்பதை மட்டும் மாற்றுகிறது. சுற்றியதை எங்கே போடுவது என்பது அப்படியே இருக்கு. உக்கக்கூடிய சீட்டை உக்க வைக்கிற இடத்துக்கு யாரும் வழி போடவில்லை.

சாப்பாட்டுக் கடை அண்ணாவிடம் "முழுக்க இலையில் கட்டித் தாருங்கோ" என்று கேட்பது சுகம். அவருக்கு இலை வெளியூரிலிருந்து வர வேண்டும், வாட்ட வேண்டும், கிழிந்தால் நட்டம், இரண்டு நாளில் வாடும். பொலித்தீன் சீட் மலிவு, கிழியாது, குழம்பு ஒழுகாது. மலிவு என்று சொல்கிறோமே, மீதொட்டமுல்லவின் விலை அதில் சேர்க்கப்படவில்லை. அந்தக் கணக்கை அண்ணா ஒருவரே தனியாகத் தீர்க்க முடியாது.

இந்த இடத்தில் எங்கட ஆட்களிடம் வழக்கமாக வருகிற ஒரு பேச்சு இருக்கு. "அந்தக் காலத்திலே யாழ்ப்பாணத்திலே எல்லாம் பனைதானே! ஓலைப்பெட்டி, நீத்துப்பெட்டி, பாய், சுளகு, பிளா. ஒரு பிளாஸ்டிக் உண்டோ?" உண்மைதான். பனை அபிவிருத்திச் சபை என்று 1978 இலேயே ஒரு சபை தொடங்கிய நாடு இது. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு ஆளைக் காணவில்லை: மரத்தில் ஏறியவர். அவரைச் சாதி சொல்லி முற்றத்தோடு நிறுத்திவிட்டு, அவர் இறக்கிய கள்ளையும் அவர் வீட்டுப் பெண்கள் வேலை செய்த ஓலையையும் மட்டும் நாங்கள் "பாரம்பரியம்" என்று எடுத்துக்கொண்டோம். தென்னை மட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு அடித்துத் தும்பு எடுத்த பெண்களின் கைகளையும் யாரும் படம் பிடித்து வைக்கவில்லை. அந்த மரமேறியின் பேரன் இன்றைக்கு ஏறமாட்டேன் என்கிறான் என்றால் அவன் சோம்பேறி இல்லை.

கொழும்பிலும் அதே கதைக்கு இன்னொரு முகம் இருக்கு. இந்த நகரத்தின் துப்புரவு வேலையில், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கின்றன. நான் முடிச்சுப் போட்ட பையை வெறுங்கையால் அவிழ்க்கிறவர் யார்? கண்ணாடித் துண்டும் மீன் முள்ளும் கலந்து நாறுகிற அந்தப் பையிலிருந்து போத்தலைப் பிரித்து எடுக்கிறவர் யார்? நாங்கள் கனவு காண்கிற பசுமை எதிர்காலத்தில் அதே ஆட்களின் பிள்ளைகள் அதே வேலையை அதே கூலிக்குச் செய்தால், பொருள் மட்டும் மாறியிருக்கும், வேறொன்றும் மாறியிருக்காது. சமையலறையிலேயே பிரித்து வைப்பது முதலில் அவருக்குச் செய்கிற மரியாதை. சுற்றுச்சூழல் அதற்குப் பிறகு.

சரி, நல்லதாக ஒன்றைக் கற்பனை செய்வோம். பறக்கும் கார் எல்லாம் வேண்டாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரு சாதாரண நாள்.

விடியக்காலையில் நுவரெலியாவிலிருந்தும் தம்புள்ளையிலிருந்தும் மரக்கறி லொறிகள் சந்தைக்கு வருகின்றன. இன்றைக்கு அவை பெரும்பாலும் வெறுமையாகத் திரும்புகின்றன. அந்த நாளில் கொழும்பில் செய்த கூட்டெரு மூட்டைகளோடு திரும்புகின்றன. கோவா எங்கிருந்து வந்ததோ அதன் தோல் அங்கேயே போகிறது. சந்தைக்குப் பின்னால் மூடிய தொட்டி ஒன்று. அழுகின தக்காளியும் கீரைத்தண்டும் அதற்குள் போய் உயிர்வாயுவாகி, பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளின் அடுப்பில் நீலமாக எரிகிறது. முழு வெள்ளவத்தைக்கும் அது சமைக்காது. ஆனால் 2022 இல் வெறும் சிலிண்டரை ரோட்டில் அடுக்கிவிட்டு இரவிரவாகக் காவல் இருந்தவர்களுக்கு, தொடர்மாடிக்குள் விறகு மூட்ட வழியில்லாமல் பாணும் சம்பலும் தின்றவர்களுக்கு, சந்தைக்குப் பின்னாலேயே கொஞ்சம் வாயு உண்டாகிறது என்பது சின்ன விசயமில்லை.

ஒவ்வொரு தொடர்மாடியிலும் சிரட்டைக்குத் தனிச் சாக்கு. இன்றைக்கு மழைத்தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு வளர்க்கிற அதே சிரட்டையைத்தான் இந்த நாட்டிலே கரியாக்கி, அதிலிருந்து தண்ணீர் வடிகட்டவும் தங்கம் பிரித்தெடுக்கவும் பாவிக்கிற கரியைச் செய்து உலகத்துக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். தும்பு எடுத்த பிறகு மிஞ்சுகிற தூளும் ஒரு காலத்தில் ஆலைகளுக்குப் பக்கத்தில் சும்மா குவிந்து கிடந்தது. இப்போது அதைக் கட்டியாக அழுத்தி, வெளிநாட்டுத் தோட்டங்களில் மண்ணுக்குப் பதிலாகப் பாவிக்கக் கப்பலேற்றுகிறார்கள். ஆக, கழிவைப் பொருளாக்கத் தெரியாத நாடு இல்லை இது. ஏற்றுமதிக்குச் செய்யத் தெரிந்ததை எங்கட குசினிக்குச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

மத்தியானம் சோத்துப் பார்சல். கனபேர் எவர்சில்வர் கரியர் கொண்டு வருகிறார்கள். கொண்டுவராதவருக்குக் கடையே முற்பணம் வாங்கி ஒன்றைக் கொடுக்கிறது. திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பும். சோடாப் போத்தலுக்கு அப்படித்தானே செய்தோம்? அவசரத்துக்கு வருகிறவருக்கு இலையும் பேப்பரும். அந்த இலை போகிற வாளிக்குள் பொலித்தீன் போகாது. அந்த வாளியை எடுக்க வருகிறவருக்குக் கையுறை இருக்கு, நிரந்தர வேலை இருக்கு, அவரை "அண்ணா" என்று கூப்பிடுகிற சனம் இருக்கு.

இதில் எதுவும் இனிமேல் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பலாங்கொடை நகர சபை வருஷக்கணக்காகக் கழிவிலிருந்து கூட்டெரு செய்து விற்கிறது. நாடு முழுக்க உள்ளூராட்சி சபைகளில் கூட்டெரு நிலையங்கள் அமைக்க 2008 இல் "பிலிசரு" என்று ஒரு திட்டமே தொடங்கியது. சிறிய ஊர்களால் முடிந்தது தலைநகரத்துக்குக் கடினம் என்பதற்குக் காரணம் உண்டு: இடமில்லை, சனம் கூட, கலந்து வருகிற குப்பையில் செய்த கூட்டெருவில் கண்ணாடியும் உலோகமும் இருக்கும், விவசாயி வாங்கமாட்டார். இந்தக் கடைசிக் காரணம்தான் முக்கியம். பிரிக்காத குப்பையிலிருந்து நல்ல கூட்டெரு வராது. அதனால் கதை திரும்பவும் என் முடிச்சுக்கே வருகிறது.

எங்கே தொடங்குவது? எல்லா வீட்டிலும் ஒரே நாளில் என்று தொடங்கினால் 2021 மாதிரித்தான் முடியும். முதலில் சந்தைகளும் சாப்பாட்டுக் கடைகளும் கல்யாண மண்டபங்களும். அங்கேதான் சேதனக் கழிவு ஒரே இடத்தில், பெரிய அளவில், ஓரளவு சுத்தமாகக் கிடைக்கிறது. கோயில்களையும் சேர்க்கலாம், திருவிழா அன்னதானத்தில் இலை மலையாகக் குவிகிறதே. அவை ஓடத் தொடங்கிய பிறகு தொடர்மாடிகள், பிறகு வீடுகள். ஒவ்வொரு படிக்கும் ஆறு மாதமோ ஒரு வருஷமோ முன்கூட்டியே அறிவிப்பு. மாநகர சபை உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது ரோட்டுக்குத் தார் கேட்கிற நாங்கள், சந்தைக்குப் பின்னால் ஒரு தொட்டியும் கேட்கலாம்.

எங்கட தொடர்மாடியில் மாதாந்தக் கூட்டம் நடக்கும். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், வாகனத் தரிப்பிடம், இந்த மூன்றையும் பற்றித்தான் சண்டை பிடிப்போம். அடுத்த கூட்டத்தில் இரண்டாவது வாளி ஒன்று வைக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். "மணக்கும்" என்பார்கள். "ஆர் பார்க்கிறது?" என்பார்கள். இப்பவும் மணக்குதுதானே என்று சொல்லலாம் என்று இருக்கிறேன். ஒரு மாதத்துக்கு நானே பார்க்கிறேன் என்றும் சொல்ல வேண்டிவரும்.

அதுவரைக்கும் வெள்ளிக்கிழமைகளில் பையை முடிய முதல் இலையை வெளியே எடுத்து வைக்கிறேன். பல்கனியில் ஓட்டை போட்ட பழைய பெயின்ற் வாளி ஒன்றில் மண்ணும் காய்ந்த சருகும் போட்டு வைத்திருக்கிறேன். இலை அதற்குள் போகிறது. பக்கத்துச் சாடியில் கறிவேப்பிலை நிற்கிறது.